வாளலகும் முள்ளலகும்

சிறகடித்தவாறே அந்தரத்தில் நின்று மலர்த்தேன் அருந்தும் ரீங்காரச் சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. (நம் தோட்டத்துத் தேன்சிட்டு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது.) கொலம்பியா, ஈக்வடோர், பெரு ஆகிய நாடுகளின் ஆண்டிஸ் மலைக்காடுகளில் அவற்றுள் இரண்டு வகைகள் வியப்புக்குரியவை. ஒன்று வாளலகுச் சிட்டு. அதன் அலகு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். வால் நீங்கலான உடலினும் அலகே நீளம்! மற்றது முள்ளலகுச் சிட்டு. அதன் அலகோ ஏறத்தாழ 5 மில்லிமீட்டரே. ரீங்காரச் சிட்டுகள் அனைத்திலும் குறுகிய அலகு இதுவே.

நீண்ட அலகு வரமா, பாரமா? கிளையில் அமர்கையில் அதனை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கவேண்டும். இறகு கோதவும் அது உதவாது; காலால்தான் சொறிந்துகொள்ள வேண்டும், பாவம்!

ஆயினும், அவ்வலகிற்கென்றே அமைந்தாற்போன்ற மலர்கள் அங்குண்டு. முள்முடியும், மூன்று ஆணிகளும், ஐந்து காயங்களும் தெரிகின்றன என்று ஸ்பானிய மறைபரப்பாளர்கள் ‘பாடுகளின் மலர்’ எனப் பெயரிட்டார்களே, அக்கொடியினத்தில் நீண்ட குழல்போன்ற மலருடைய சில வகைகள் அவை. குழலின் அடியிலுள்ள தேனை முறையாக எட்டவல்லது பெரும்பாலும் வாளலகு ஒன்றே. தேனுண்ட கையோடு மகரந்தத்தையும் சுமந்து அடுத்த மலரிற் சேர்க்கிறது.

முள்ளலகு சிறு பூக்களையே நாடும். நீண்ட மலர் எதிர்ப்பட்டாலோ, பூத்துளைப்பான் என்னும் வேறொரு பறவை அடியில் இட்ட துளைவழியே தேனை உறிஞ்சிவிடும். கூலி கொடாத விருந்து எனலாம். மலருக்கு அதனால் மகரந்தம் கிட்டாது. வாளலகு நீங்கிய காட்டில் அந்நீள்குழல் மலர்கள் பூக்கும், காய்ப்பது அரிது.