டாங்கி பெரிது, மடி சிறிது!

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியின் கொடை நினைவுக்கு வரும். அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் நினைவுக்கு வரும். பலாச்சுளையையும் அன்னாசிப் பழத்தையும் எண்ணினால் நாவில் நீர் ஊறும்.

ஆனால் அந்தப் பலாவையும் அன்னாசியையும் மலை உச்சியிலிருந்து கீழ்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவரை யாரும் நினைப்பதில்லை. அவர்தான் சிறு லாரியின் டிரைவர். அநேகமாக அவரே அந்த வண்டியின் சொந்தக்காரர்.

2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்ற சிறிய லாரி விற்பனைக்கு வந்தது. இரண்டே சிலிண்டர் டீசல் எஞ்சின். சுமை முக்கால் டன். தமிழ்நாட்டு மக்கள் அதற்குக் "குட்டி யானை" என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் வாங்கிய வண்டிகளுக்கு இன்று இருபது வயது ஆகிறது. பெயின்ட் போய்விட்டது. கதவு கயிற்றில் நிற்கிறது. ஆனாலும் ஓடுகின்றன. ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன.

அந்த வண்டியின் எண்ணெய் டாங்கி 30 லிட்டர் பிடிக்கும். "மலைப் பாதைக்கு இது போதாது; பெரிய டாங்கி வேண்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. இது சரியல்ல. குறை டாங்கியில் இல்லை, மடியில் இருக்கிறது.

ஐந்நூறு ரூபாய்க்கு

டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. டாங்கியை நிரப்ப வேண்டுமானால் 2,700 ரூபாய்க்கு மேல் வேண்டும். காலையில் வண்டியை எடுக்கும் டிரைவரின் மடியில் அவ்வளவு பணம் ஏது? சுமையை இறக்கிய பிறகுதான் வாடகை. சில சமயம் சரக்கு விற்ற பிறகுதான் வாடகை. ஆகவே, "ஐந்நூறு ரூபாய்க்குப் போடுங்கண்ணே!" என்கிறார். ஐந்தரை லிட்டர் விழுகிறது. முள் சிவப்புக் கோட்டைவிட்டு ஒரு விரற்கடை நகர்கிறது. வண்டி மலை ஏறுகிறது.

மலையோ எப்பேர்ப்பட்ட மலை! காரவள்ளி அடிவாரத்திலிருந்து சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். அரிசி, சிமென்ட், உரம் என்று ஏற்றினால் வண்டியும் சுமையும் சேர்ந்து ஒன்றரை டன். இந்தக் கனத்தை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் டீசல் எரிய வேண்டும். எரிகிற எண்ணெயில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்கு வருகிறது. மற்றது வெப்பமாகப் போய்விடுகிறது. சாலை உராய்வு, கியர் மாற்றம், வளைவில் நின்று வழி விடுதல் எல்லாம் சேர்ந்தால் செலவு மூன்று லிட்டரை நெருங்கும். ஐந்தரையில் மூன்று போனால் மிச்சம் என்ன?

முள் சொல்லும் பொய்

மிச்சம் இரண்டரை லிட்டர். சமவெளியில் அது நாற்பது கிலோமீட்டர் ஓடப் போதும். மலையிலோ கதை வேறு. 30 லிட்டர் டாங்கியில் இரண்டரை லிட்டர் என்பது அகன்ற அண்டாவின் அடியில் கிடக்கும் கஞ்சியைப் போன்றது. அண்டாவைச் சாய்த்தால் கஞ்சி ஒரு பக்கம் ஒதுங்கும். கரண்டி மறுபக்கம் வெறுமனே சுரண்டும்.

அப்படியேதான் இங்கும். எண்ணெயை உறிஞ்சும் குழாய் ஓர் இடத்தில் இருக்கிறது. வண்டி ஏற்றத்தில் சாயும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஓடுகிறது. இறக்கத்தில் மறு பக்கம் ஓடுகிறது. வளைவில் பக்கவாட்டில் அலைகிறது. குழாய் ஒரு நொடி காற்றைக் குடித்தாலும் போதும். டீசல் எஞ்சின் திணறி நின்றுவிடும். டாங்கியில் எண்ணெய் இருக்கும், எஞ்சினுக்குப் போகாது. மிதவையும் எண்ணெயோடு ஆடுவதால் முள் ஓரிடத்தில் காலி என்கிறது, அடுத்த வளைவில் கால் டாங்கி என்கிறது. எதை நம்புவது?

பெட்ரோல் வண்டியானால் எண்ணெய் ஊற்றியதும் பெரும்பாலும் கிளம்பிவிடும். பழைய டீசல் வண்டி "ஏர்" பிடித்துவிட்டால், திருகைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அழுத்தி, காற்றை வெளியேற்றிய பிறகுதான் உயிர் பெறும். நாற்பதாவது வளைவில், பின்னால் பஸ் நிற்க, பனி இறங்க, இந்த வேலையைச் செய்வது விளையாட்டல்ல.

அடியில் கிடக்கும் அழுக்கு வேறு இருக்கிறது. பாதி காலியான டாங்கிக்குள் மலையின் ஈரக் காற்று புகுந்து, இரவுக் குளிரில் நீர்த்துளியாகிறது. நீர் டீசலைவிடக் கனமானது. அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. டாங்கி வற்ற வற்ற, இந்தக் கசண்டும் பில்டருக்குப் போகிறது.

இறக்கத்தில் ஆபத்து

ஏற்றத்தில் நின்றால் அவதி. இறக்கத்தில் நின்றால் ஆபத்து. பிரேக்குக்குத் துணை செய்யும் வாக்குவம் எஞ்சின் ஓடும்போதுதான் உண்டாகிறது. எஞ்சின் நின்ற பிறகு இரண்டு மூன்று தடவை மிதிக்கலாம். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். பின்னால் முக்கால் டன் அன்னாசி, முன்னால் பள்ளத்தாக்கு!

எண்ணெய் குறைந்தவருக்கு இன்னொரு சபலமும் வருகிறது. நியூட்ரலில் போட்டு வண்டியை உருட்டிவிட்டால் மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பு. இதில் மிச்சமே இல்லை. கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் போகும் டீசல் அநேகமாக நின்றுவிடுகிறது. சக்கரமே எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலிலோ, எஞ்சின் உயிரோடு இருக்கவே எண்ணெய் வேண்டும். ஆக, பணமும் போகிறது, எஞ்சினின் பிடிப்பும் போகிறது. "ஏறிய கியரிலேயே இறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல.

நள்ளிரவில் ஒரு தட்டல்

இது டிரைவரின் சொந்த விஷயம் என்று தள்ளிவிட முடியாது. சிற்றூரில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டாலும், ஒரு முதியவருக்கு மார்பு அடைத்தாலும், ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் எந்தக் கதவைத் தட்டுவார்கள்? வாசலில் வண்டி நிற்கும் வீட்டுக் கதவைத்தான். டிரைவர் மறுப்பதில்லை; சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவருவார். அந்த நேரத்தில் டாங்கியில் இரண்டு லிட்டர்தான் என்றால், அவருடைய நல்ல மனம் எத்தனை வளைவு தாங்கும்?

என்ன செய்யலாம்?

பெரிய டாங்கி பொருத்துவதில் பயனில்லை. நிரப்பப் பணமில்லாதவருக்கு 60 லிட்டர் டாங்கி கொடுத்தாலும் அடியில் அதே ஐந்து லிட்டர்தான் கிடக்கும். இன்னும் அகலமாகப் பரவி, இன்னும் சீக்கிரம் காற்று பிடிக்கும். கேனில் டீசலை ஊற்றி டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வைப்பது அதைவிட மோசம்.

வேண்டியது ஒரு பழக்கம். பாதி டாங்கியையே காலி டாங்கியாக எண்ண வேண்டும். முள் பாதிக்குக் கீழே இறங்கினால், அடிவாரத்திலேயே ஊற்றிக்கொண்டு ஏற வேண்டும்.

"நிறைய ஊற்றினால் கனம் கூடி எண்ணெய் அதிகம் செலவாகுமே!" என்பார்கள். 30 லிட்டர் டீசலின் எடை 25 கிலோ. இரண்டு பலாப்பழத்தின் கனம்! முக்கால் டன் சுமக்கும் வண்டிக்கு இது ஒரு பொருட்டல்ல.

"அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். இங்கேதான் கணக்கை நன்றாகப் பார்க்க வேண்டும். கூடுதல் பணம் ஒரே ஒரு தடவைதான் தேவை. ஐந்து லிட்டரோடு ஓடுபவர், ஒரு நாள் மட்டும் பத்து லிட்டர் அதிகமாக ஊற்றினால் பாதி டாங்கி ஆகிவிடும். செலவு 900 ரூபாய்க்குச் சற்று அதிகம். மறுநாளிலிருந்து வழக்கம்போல் அதே ஐந்நூறு ரூபாய்தான். டாங்கியின் மேல் பாதியில் செலவழிப்பதா, கீழ்ப் பாதியில் செலவழிப்பதா என்பது மட்டுமே வித்தியாசம். அந்தப் பத்து லிட்டர் எங்கும் போய்விடாது. தானியக் குதிரில் கிடக்கும் விதை நெல்லைப் போல அது டாங்கியிலேயே கிடக்கும்.

அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் உண்ணும் குடும்பத்துக்கு அந்த 900 ரூபாயும் மலைதான். இதில் சரக்கு அனுப்புபவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் கடமை உண்டு. சுமை ஏற்றும்போதே வாடகையில் பாதியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். மலைவாழ் மக்களுக்கான கூட்டுறவுச் சங்கங்களும் வண்டிக்காரருக்கு இந்தச் சிறு தொகையைக் கடனாகக் கொடுத்து, மாதத் தவணையில் வசூலிக்கலாம். வண்டிக்காரரும் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போகும் முன், டாங்கியைக் கழுவி, முள்ளைச் சரிபார்த்துவிட வேண்டும்.

ஆடி மாதத்தில் கொல்லிமலையில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். வந்தவருக்கெல்லாம் வாரி வழங்கிய வள்ளல் என்று மேடையில் புகழ்கிறார்கள். மலையின் பலாவைச் சுமந்து இறங்கும் டிரைவருக்கு, அவர் உழைப்பின் கூலியில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பதற்கு யாரும் வள்ளல் ஆக வேண்டியதில்லை. நியாயம் தெரிந்தவராக இருந்தால் போதும்.