25-க்குள் ஓடுவோம்: பேட்டரி வண்டி ஓட்டுவோரின் கொள்கைப் பிரகடனம்

"லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம்" என்று கடை வாசலில் வைத்த பலகையைப் படித்து வண்டி வாங்கியவர்கள் நாங்கள். பூக்கூடையும் பால் கேனும் இட்லி மாவும் ஏற்றிப் போகிறவர்கள், சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறவர்கள், முழங்கால் வலியால் சைக்கிள் மிதிக்க முடியாதவர்கள், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு முதன்முதலாக இருசக்கர வண்டியில் உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் எங்களில் உண்டு. கைப்பிடியை முறுக்கினால் நகர்ந்து, விட்டால் வேகம் தணியும் இந்த மெதுவான வண்டிதான் எங்கள் பிழைப்பு. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் இயக்கமாகச் சேர்கிறோம். யாரிடமிருந்து என்று கேட்டால், மூலையில் நிற்கும் போலீஸ்காரரைப் பலர் காட்டுவார்கள். நாங்கள் முதலில் காட்டுவது அந்தப் பலகை வைத்த கடையை. அடுத்துக் காட்டுவது எங்களையே.

சட்டம் சொல்வதை முழுசாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கடையில் பாதிதான் சொல்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், நான்கு சக்கரத்துக்குக் குறைந்து, 25 சி.சி.க்கு மிகாத இன்ஜின் பொருத்திய வண்டியை மோட்டார் வாகனக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதே தாராளத்தை மின்சார வண்டிக்கும் தருவது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், இரண்டாம் விதியின் 'யு' உட்பிரிவு. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குள், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். சரியான பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என ஒளி பட்டால் மின்னும் வில்லைகளும் இருக்க வேண்டும். இவை எல்லாம் ஒருசேர இருப்பதை அங்கீகாரம் பெற்ற ஒரு சோதனை நிறுவனம் பார்த்துச் சான்று தர வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்தில் ஜிஏஆர்சி ஆகியவை அத்தகைய நிறுவனங்கள். அந்தச் சான்று இருந்தால் வண்டி மோட்டார் வாகனமே அல்ல; லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் கேட்கப்படாததற்குக் காரணம் இவ்வளவுதான். சான்று இல்லாத வண்டிக்கு, அது எவ்வளவு ஊர்ந்து போனாலும், இந்தச் சலுகை இல்லை.

இந்தச் சலுகையை அற்பமாக நினைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட், 25 கிலோமீட்டர் என்ற அதே எண்கள்தான். ஆனால் பெடல் மிதித்தால் மட்டுமே மோட்டார் கைகொடுக்க வேண்டும். கை முறுக்கி ஓட்டும் வண்டி அங்கே மொபெட் வரிசைக்குப் போய்விடும். சிங்கப்பூரில் ஆக்ஸிலேட்டர் வைத்த மின்சைக்கிளுக்கு இடமே கிடையாது. பெடல் வண்டிக்கும் நம்பர் பிளேட் உண்டு, 16 வயது நிரம்ப வேண்டும், 2022 முதல் எழுத்துத் தேர்வும் தேற வேண்டும். நியூயார்க்கில் நடந்தது எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 2018இல் பெடல் வகைக்கு மாநகரம் வழிவிட்டது. உணவு கொண்டுபோகும் குடியேறிகள் நம்பியிருந்த ஆக்ஸிலேட்டர் வகைக்கு விடவில்லை. பிடிபட்டால் 500 டாலர் அபராதம், வண்டியும் பறிமுதல். 2020 ஏப்ரலில் மாநிலச் சட்டம் மாறிய பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. நம் நாட்டில் பெடலுக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் அந்தப் பேதம் இல்லை. மிதிக்க முடியாதவரையும், சுமையோடு மிதிக்கத் திணறுகிறவரையும் சேர்த்து நினைத்துப் பார்த்த விதி இது. இதை நாங்கள் இழக்க மாட்டோம்.

ஆனால் இழந்துகொண்டிருக்கிறோம்.

வண்டியின் வேகத்தை அடக்கி வைப்பது கன்ட்ரோலர் என்ற சின்னப் பெட்டி. ஆக்ஸிலேட்டருக்குள் இருக்கும் சென்சார், நாம் எவ்வளவு முறுக்கினோம் என்பதை மின்னழுத்தமாக அந்தப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதற்கேற்ப மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும். 25-இல் நில் என்ற கட்டளையும் அங்கேதான் இருக்கிறது. பல வண்டிகளில் அந்தக் கட்டளை ஒரே ஒரு ஒயரை நம்பியிருக்கிறது. அதைப் பிரித்துவிட்டால் 40, 45 என்று ஓடும். வண்டியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே "லாக் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்கும் கடைகளை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். கேட்காமலே எடுத்துத் தந்த கடைகளும் உண்டு. சோதனைக்குப் போன வண்டி ஒன்று, விற்பனைக்கு வந்த வண்டி வேறொன்று. மகாராஷ்டிரத்திலும் கேரளத்திலும் போக்குவரத்துத் துறை இந்த மோசடிக்கு எதிராக நடவடிக்கையில் இறங்கியதை நாடே பார்த்தது.

25-இல் போகும் வண்டியை 45-இல் ஓட்டினால் மோதலின் வேகம் இரண்டு மடங்குகூட ஆகாதே என்று தோன்றும். மோதலின் ஆற்றலோ மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். பிரேக்கும் சட்டகமும் டயரும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

அந்த ஒயரைப் பிரித்த கணமே வண்டி மோட்டார் வாகனமாகிவிடுகிறது என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. அப்போது நீங்கள் லைசென்ஸ் இல்லாமல், பதிவு இல்லாமல், இன்சூரன்ஸ் இல்லாமல் மோட்டார் வாகனம் ஓட்டுகிறீர்கள். லைசென்ஸ் இல்லாததற்கு மட்டுமே 5,000 ரூபாய். மேற்கொண்டு ஒருவர்மீது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் தர வேண்டிய இழப்பீடு உங்கள் வீட்டையும் நகையையும் தேடி வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 182ஏ பிரிவு, விதியை மீறி மோட்டார் வாகனத்தை விற்கும் டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மாற்றம் செய்துகொண்ட சொந்தக்காரருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம். எழுத்தில் பெரிய தண்டனை கடைக்காரருக்குத்தான். சாலையோரம் நிறுத்தப்பட்டு, ஆர்டர் ஆறிப்போக, கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர் மட்டும் எப்போதும் ஓட்டியவராகவே இருக்கிறார். "நாங்கள் விற்பது மோட்டார் வாகனமே இல்லையே, அந்தப் பிரிவு எங்களுக்குப் பொருந்தாது" என்று வாதாடவும் ஆள் இருக்கும். லாக் எடுத்து விற்ற வண்டி மோட்டார் வாகனம்தான்.

வாட் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. விதி கேட்பது மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனை. சில நொடிக்கு அதைவிடக் கூடுதலாக எந்த மோட்டாராலும் தர முடியும். மேம்பாலம் ஏற அது தேவையும்கூட. இதைச் சாக்காக வைத்துப் பெரிய மோட்டாரின்மேல் 250 என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். உண்மையான 250 வாட் வண்டியில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து மேம்பாலம் ஏறினால் வேகம் நடைவேகத்துக்கு நெருக்கமாகக் குறையும். குறையட்டும். மேட்டில் இருவரைச் சுமந்துகொண்டும் 25 குறையாமல் பறக்கிற வண்டியைக் கண்டால் அதன் சான்றைக் கேளுங்கள்.

சட்டத்தின் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். எங்கள் வண்டி மோட்டார் வாகனம் இல்லை என்றால், எங்களால் அடிபடும் பாதசாரி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. பின்னால் இன்சூரன்ஸ் இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் அலைய வேண்டியதுதான். லாரி எங்கள்மேல் மோதினால் எங்களுக்குத் தீர்ப்பாயம் உண்டு, நாங்கள் மோதிய கிழவிக்கு இல்லை. இது நியாயமில்லை என்று அடிபடுகிறவர் சொல்வதற்கு முன்னால் நாங்களே சொல்கிறோம். குறைந்த கட்டணத்தில் ஒரு குழுக் காப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் கேட்டு வாங்குவதே இந்த இயக்கத்தின் முதல் வேலை. சட்டம் கேட்காவிட்டாலும் கட்டுவோம். விதிவிலக்கு என்பதால் எந்தச் சட்டமும் தொடாது என்றும் யாரும் நினைக்க வேண்டாம்: பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 281ஆவது பிரிவு எந்த வாகனத்துக்கும் பொருந்தும்.

பிள்ளைகள் விஷயத்தில் எங்களுக்குள் விவாதம் நீண்டது. மோட்டார் வாகனம் அல்லாததால் வயது வரம்பும் இல்லை. ஆகவே எட்டாம் வகுப்புப் பையன் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு டியூஷன் போகிறான். 50 சி.சி.க்கு மிகாத மோட்டார் சைக்கிளுக்கே 16 வயது கேட்கிறது சட்டம். எங்கள் முடிவும் அதுதான்: 16 நிரம்பாதவர் கையில் சாவி கொடுப்பவர் எங்கள் உறுப்பினராக இருக்க முடியாது. லாக் எடுத்த வண்டியைப் பிள்ளையிடம் கொடுத்த பெற்றோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி 25,000 ரூபாயும் மூன்றாண்டு வரை சிறையும் காத்திருக்கிறது என்பதையும் வீடுவீடாகச் சொல்வோம்.

ஹெல்மெட் போடுவோம். குடித்துவிட்டு ஏற மாட்டோம். விரைவுச் சாலைப் பக்கம் போக மாட்டோம். இவற்றுக்கு விளக்கம் தேவையில்லை.

பேட்டரிக்கு விளக்கம் தேவை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஒற்றை அறை வீடுகளில், கதவுக்கும் பாய்க்கும் நடுவே வண்டியை நிறுத்திச் சார்ஜ் போடுகிறவர்கள் எங்களில் ஏராளம். வேறு இடம் இல்லை. வெளியேறும் வழியை மறித்து, எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடக் கூடாது என்று சொல்வது எளிது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளிலும் மார்க்கெட்டுகளிலும் மழை படாத பொதுச் சார்ஜ் இடம் கேட்பது அதைவிட முக்கியம். இரண்டையும் செய்வோம்.

அரசிடம் கேட்கிறோம். சோதனையைச் சாலையில் தொடங்காதீர்கள், ஷோரூமில் தொடங்குங்கள். சாதாரண வாடிக்கையாளர் போலப் போய் ஒரு வண்டி வாங்கி, ஓட்டிப் பாருங்கள். சோதனைச் சான்றின் எண்ணும், 25 என்ற எண்ணும் வண்டியின் சட்டகத்தில் அழியாமல் பொறிக்கப்படட்டும். கடையே லாக் எடுத்துத் தந்த வண்டி என்று தெரிந்தால், அதைச் சரிசெய்ய ஓட்டுநருக்கு அவகாசம் கொடுங்கள், வழக்கைக் கடைமேல் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்க நாங்கள் துணை நிற்போம். எல்லா மெதுவான வண்டிக்கும் நம்பர் பிளேட் மாட்டிவிட்டால் பிரச்சினை தீரும் என்கிறவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: அதனால் நேர்மையான வண்டி வைத்திருக்கும் பூக்காரம்மாதான் ஆர்டிஓ வாசலில் நிற்பார். மோசடி வண்டி விற்றவர் அடுத்த மாடலை விற்றுக்கொண்டிருப்பார்.

மானியமும் எங்களைத் தாண்டியே போயிருக்கிறது. மத்திய அரசின் ஃபேம் மானியத் திட்டத்தில் 2019இல் தொடங்கிய இரண்டாம் கட்டம், குறைந்தது 40 கிலோமீட்டர் உச்ச வேகம் உள்ள இருசக்கர வண்டிக்குத்தான் பணம் கொடுத்தது. மிக மலிவான வண்டியை வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், இணையவழிச் சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்குப் புது மின்ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் அறிவித்தது, வரவேற்கிறோம். இத்தகைய திட்டத்தில் தரப்படும் வண்டி எந்த வகை, அதற்கு லைசென்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை வாங்குகிறவருக்கு எழுத்தில் சொல்லிக் கொடுங்கள்.

உணவு, மளிகை டெலிவரி நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெதுவான வண்டியை ஏற்றுக்கொண்டு ஆளைச் சேர்க்கிறீர்கள். பிறகு 45-இல் போனால்தான் எட்டக்கூடிய நேரத்தைத் திரையில் காட்டுகிறீர்கள். ஒயரைப் பிரித்த கைக்கு அந்தக் கடிகாரமும் துணை. 25-இல் போகிறவருக்கு 25-இன் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

இந்த இயக்கத்தில் சேரச் சந்தா கிடையாது, ஒரு நிபந்தனை உண்டு. சேர வருமுன் சமதளச் சாலையில் முழுக்க முறுக்கி, மீட்டரை மட்டும் நம்பாமல் செல்போன் ஜிபிஎஸ்ஸிலும் வேகத்தைப் பாருங்கள். 25-ஐத் தாண்டினால் வண்டியை வாங்கிய கடைக்கே கொண்டுபோய், லாக்கைத் திரும்பப் போடச் சொல்லி, போட்டதற்கு எழுத்தில் ரசீது கேளுங்கள். கொடுக்க மறுத்தால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.