ஒரு கத்தியை மட்டும் தீட்டாதீர்கள்

வீட்டுப் பட்டறையில் சிறிய மின் இழைப்புளி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அதன் உருளையில் இரண்டு கத்திகள் எதிரெதிரே இருக்கும். ஆணியில் பட்டு ஒன்றின் கூர் சிதைந்தால், அதை மட்டும் கழற்றித் தீட்டப் பலருக்குத் தோன்றும். அது சிக்கனமல்ல, ஆபத்து என்பதே என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். சுழல்வேகம் இரு மடங்கானால் மையவிலக்கு விசை நான்கு மடங்காகும். உருளை நிமிடத்திற்கு 15,000 முறை சுற்றுகிறது, கத்தி அச்சிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். இரு கத்திகளுக்கும் 1 கிராம் வேறுபாடு இருந்தாலே, ஏறக்குறைய 49 நியூட்டன் விசை உருளையை ஒரு பக்கம் இழுக்கும். 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கத் தேவையான விசை அது! அந்த இழுப்பு நொடிக்கு 250 முறை திசை சுற்றி வரும். கைப்பிடி அதிரும், பேரிங் தேயும், மரத்தில் அலை விழும்.

ஆகவே, பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு கத்திகளையும் எடுங்கள். ஈரச் சாணைக்கல்லில், ஒரே கோணத்தில், ஒரே அளவு தீட்டி, சிறு மின்தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை கூடியதை இன்னும் கொஞ்சம் தீட்டுங்கள். உலர்ந்த சாணைச் சக்கரம் வேண்டாம். சூடேறினால் எஃகின் கடினத்தன்மை குறையக்கூடும். டங்ஸ்டன் கார்பைடு கத்திக்குச் சாதாரணக் கல் உதவாது. இருபுறக் கூர் கொண்டதானால் புரட்டிப் போடுங்கள், பிறகு இணையாகவே மாற்றுங்கள்.

மாணவர்களே, சுழல்வேகம் இயந்திரத்தின் மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் வீட்டு இழைப்புளிக்கு இந்தக் கணக்கைப் போட்டு, அப்பாவிடம் காட்டுங்கள்.