வந்தவர்களே முதலில் கற்கட்டும்

ஜாவாவின் மக்கள் நெருக்கடியைக் குறைக்கப் பிற தீவுகளில் குடும்பங்களைக் குடியேற்றும் ‘டிரான்ஸ்மிக்ராசி’ திட்டத்துக்கென, 2024 அக்டோபரில் இந்தோனேசிய அரசு தனி அமைச்சகம் அமைத்தது. நிலம், வீடு, சாலை பற்றிப் பேசும் அதிகாரிகள், போய் இறங்குபவர் பக்கத்து ஊர்க்காரரோடு எப்படிப் பேசுவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இதற்கான பாடம் சுமத்ராவின் தென்கோடியில், லாம்புங்கில் இருக்கிறது. 1905-இல் டச்சு அரசு நடு ஜாவாவிலிருந்து 155 குடும்பங்களை அங்கே குடியமர்த்தியது. சுதந்திரத்துக்குப் பிறகும் குடியேற்றம் தொடர்ந்தது. 2010 கணக்கெடுப்பில் அம்மாகாணத்தில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஜாவானியர். மண்ணின் மக்களான லாம்புங் இனத்தவர் ஏழில் ஒருவர்கூட இல்லை.

இரு தரப்புக்கும் பொதுவாக இந்தோனேசிய மொழி இருக்கிறது. சந்தைக்கும் அலுவலகத்துக்கும் அது போதும். உறவுக்குப் போதவில்லை. குடியேறியவர்களுக்குத் தனி ஊர்களை அமைத்தது அரசு. முதல் குடியிருப்புக்கே ஜாவாவிலுள்ள பாகெலன் என்ற ஊரின் பெயர்தான். அத்தகைய ஊர்களில் கடை, தொழுகை, கல்யாணம் எல்லாம் ஜாவா மொழியிலேயே நடந்துவிடும்.

பேச்சுப் பண்பும் வேறு. மாற்றுக் கருத்தை முகத்துக்கு நேரே சொல்லாமல் தவிர்ப்பது ஜாவானிய மரியாதை. லாம்புங் மக்களின் ‘பீல் பெசெங்கிரி’ என்ற மான நெறியோ, பட்டப்பெயர் சொல்லி அழைப்பதையும், வீடு தேடி வருவதையும், கூடிக் கலப்பதையும் எதிர்பார்க்கிறது. வரப்புத் தகராறில் ஒருவர் அரசுப் பத்திரத்தைக் காட்டுகிறார். மற்றவர் குலத்தின் வழிவழி உரிமையைச் சொல்கிறார். ஜாவானியர் பேசாமல் ஒதுங்கினால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள இடமுண்டு.

வழி அந்த மண்ணிலேயே உண்டு. வெளியாரைச் சடங்கு செய்து உடன்பிறப்பாக ஏற்கும் ‘அங்கோன் முவாகி’ வழக்கம் லாம்புங் மக்களிடம் இருக்கிறது. சண்டை மூண்டபின் சமாதானத்துக்கு அதைத் தேடாமல், குடியேறும் நாளிலேயே மரபுத் தலைவர்கள் முன்னிலையில் நடத்தலாம். பள்ளிகளில் லாம்புங் மொழி பாடமாக இருக்கிறது. மதிப்பெண்ணோடு அது நின்றுவிடக் கூடாது. ஊர்த் தலைவரும் வேளாண் அலுவலரும் அம்மொழியில் பேசப் பழக வேண்டும்.

எண்ணிக்கையில் பெரியவர்கள் சிறியவர்களின் மொழியைக் கற்பதே நியாயம். நிலத்தைக் கொடுத்தவர்களிடம் மொழியையும் விட்டுக்கொடுக்கச் சொல்லக் கூடாது. புதிய அமைச்சகம் அடுத்த குடும்பத்தை அனுப்புமுன், போகும் ஊரின் மொழியையும் வழக்கத்தையும் கற்பிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.