தஞ்சாவூர்க்காரர் சுபாவம்



ஆடிப்பெருக்கு கழிந்து ஆவணி பிறக்கிற சமயத்தில் இந்த இதழ் உங்களை வந்து சேர்கிறது. குறுவை போட்டவர்கள் அறுப்பு மிஷினுக்குச் சொல்லி வைத்திருப்பீர்கள். சம்பாக்காரர்கள் நாற்றங்காலில் கண்ணாக இருப்பீர்கள். வேலை மும்முரமான இந்த நாட்களில், வந்த கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுதவே இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வேலை மாற்றலாகித் தஞ்சாவூருக்கு வந்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியது அது. "இங்கே எல்லாரும் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லாத வீடு இல்லை. ஆனால் எதற்கும் அவசரமே கிடையாது. கிணற்றில் நூறடி ஆழத்திலிருந்து தண்ணீர் இறைத்த ஊர்க்காரி நான். காவிரித் தண்ணீர் உங்களைச் சொகுசாக்கிவிட்டதோ என்று தோன்றுகிறது. தஞ்சாவூர்க்காரர் சுபாவமே இதுதானா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தில் கோபமோ இளக்காரமோ இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருக்கிறது. அதனாலேயே நிதானமாகப் பதில் சொல்லத் தோன்றியது.

அம்மா, இந்தப் பேச்சு உங்களிடம் தொடங்கியதல்ல. தஞ்சாவூர்க்காரர் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் ஓர் உருவம் கண்ணில் எழும். திண்ணை, சாய்வு நாற்காலி, வெற்றிலைச் செல்லம், பித்தளை டபராவில் காபி, நேற்றைய கச்சேரியைப் பற்றி ஒரு வாதம், நடுநடுவே நையாண்டி. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று மலைநாட்டுக்கு யானையையும், பாண்டிநாட்டுக்கு முத்தையும், தொண்டைநாட்டுக்குச் சான்றோரையும், சோழநாட்டுக்குச் சோற்றையும் பெருமையாகச் சொல்கிறது. சோறு இருக்கும் இடத்தில் சோம்பலும் இருக்கும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் தாங்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

நம் எழுத்தாளர்களுக்கும் இதில் பங்குண்டு. மன்னார்குடிக்குப் பக்கத்துத் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் கும்பகோணத்தின் தெருக்களையும் ஆற்றங்கரையையும் சங்கீதத்தையும் எழுதிய அழகில், 'மோகமுள்' படித்தவர்கள் அந்த ஊருக்கே மனத்தளவில் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர் பொய்யாக எதையும் எழுதவில்லை. ஆனால் அவர் எழுதிய தெருவையே முழுத் தஞ்சாவூர் என்று வெளியூர் வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். சி.எம். முத்துவையும் சோலை சுந்தரபெருமாளையும் அதே அளவுக்குப் படித்திருந்தால், இந்த மண்ணின் உருவம் கணுக்கால் சேற்றோடு மனத்தில் பதிந்திருக்கும்.

வெளியிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள் இதைச் சரியாகவே பார்த்தார்கள். கேத்லீன் கஃப் என்ற மானுடவியலாளர் 1951 முதல் 1953 வரை இங்கே இரண்டு கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். பத்தாண்டு கழித்து வந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் ஆய்வு 1965-ல் புத்தகமாக வெளிவந்தது. இருவருமே ஊருக்குள் நிலம் யாரிடம், குத்தகை யாரிடம், கூலி யாருக்கு என்ற கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என்று ஒரே ஊருக்குள் மூன்றுவிதமான பொழுதுகள் ஓடின. தண்ணீர் வந்தால் பண்ணையாளுக்கு விடியலுக்கு முன்பே பொழுது தொடங்கிவிடும். அன்று மிராசுதாருக்குச் சேதி வந்தால் போதும். தஞ்சாவூர்க்காரர் சுபாவம் என்ன என்று கேட்டால், எந்தத் தெருக்காரரைக் கேட்கிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். சுபாவம் பற்றிய இந்தப் பேச்சில் பெண்களை எந்தத் தெருவிலும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கக் குனிந்து நடவு நட்ட பெண்ணை நினைத்துக்கொண்டு தஞ்சாவூர்க்காரர்கள் சொகுசானவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுபாவம் பற்றிய பேச்சை நான் இவ்வளவு கனமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான் பெரும்பாலோர். எல்லோரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்தது. கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலமுள்ள செல்வந்தர்கள், அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. தொழிற்சங்கத் தலைவர் மைதிலி சிவராமன் 1973-ல் ஆங்கில வார இதழில் இதை எடுத்துக்காட்டி எழுதினார்.

மிராசுதார் நடக்கமாட்டார், மிராசுதார் தன் கையால் எதையும் செய்யமாட்டார் என்று நாம் திண்ணையில் வேடிக்கையாகப் பேசிவந்த அதே சுபாவம், 44 உயிர்களுக்கு நீதி கேட்ட இடத்தில் சாட்சி சொல்ல வந்து நின்றது. அந்த வரிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஒரு ஜனத்தின் குணம் இன்னது என்று சொல்வதைப் பொழுதுபோக்குப் பேச்சாக என்னால் இன்றுவரை எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

அடுத்தது இந்தக் குணப் பேச்சு கடல் கடந்த கதை. நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து நம் கிராமத்து ஜனங்கள் ஆயிரமாயிரமாகப் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். கங்காணிகள் ஊரூராக வந்து ஆள் சேர்த்தார்கள். போகிறவர்களைத் தங்கவைத்து அனுப்ப நாகப்பட்டினத்திலேயே முகாம் இருந்தது. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' கப்பலின் பெயரை இன்றும் பெரியவர்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் போலச் சொல்கிறார்கள். மலேயா ரப்பர்த் தோட்டங்களில் இதே டெல்டாக்காரர்களுக்குத் துரைமார்கள் எழுதிவைத்த குணம் என்ன தெரியுமா? தமிழர்கள் சாதுவானவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள், கொடுத்த கூலியை வாங்கிக்கொள்பவர்கள். அந்த மண்ணின் மலாய்க்காரர்களைச் சோம்பேறிகள் என்று எழுதினார்கள். மலாய் விவசாயிக்குச் சொந்த நிலமும் மீனும் நெல்லும் இருந்தன. தோட்டக் கூலிக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. வராதவரைச் சோம்பேறி என்றும், வேறு வழியில்லாமல் வந்தவரைச் சாது என்றும் சொல்லி முடித்துவிட்டார்கள். சையத் ஹுசைன் அலத்தாஸ் என்ற மலேசிய சமூகவியலாளர் 1977-ல் ஒரு முழுப் புத்தகத்தில் இந்தச் சோம்பேறிக் கட்டுக்கதையின் வரலாற்றை எழுதினார். தஞ்சாவூர் நூலகங்களில் அது தமிழில் கிடைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்தச் 'சாதுக்கள்' 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டார்கள். தோட்டத்துத் துரைக்கும் குமாஸ்தாவான கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஏறக்குறைய அதே காலத்தில் இக்கரையில், கன்னட மண்ணில் பிறந்து இங்கு வந்து தமிழ் கற்ற கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் கீழத்தஞ்சைப் பண்ணையாட்களிடம், தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் இனி இல்லை என்று சொல்லவைத்துக்கொண்டிருந்தார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டத்தின் பலன். ஒரு தலைமுறைக்குள் ஒரு ஜனத்தின் ரத்தம் மாறிவிடாது. எதிர்த்துப் பேசினால் பக்கத்தில் நிற்க ஆள் இருக்கிறது என்ற நிலை வந்ததும் முதுகு நிமிர்ந்தது, அவ்வளவுதான்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். நூறு நாள் வேலை 2006-ல் முதற்கட்டமாகத் தொடங்கிய தமிழக மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. "நூறு நாள் வேலை வந்து ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டது, நடவுக்கு ஆளே வருவதில்லை" என்ற பேச்சைக் கேட்காத டீக்கடை இந்தப் பக்கத்தில் இல்லை. சிறு விவசாயிகளின் கஷ்டம் எனக்குத் தெரியும். உரவிலை, கூலி, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவைத்து மழைக்குப் பயந்து கிடக்கும் இரவுகள் எல்லாம் உண்மை. அந்த வேதனையில் வரும் சொல் என்பதும் புரிகிறது. ஆனாலும் மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. திண்ணைக்காரரைச் சொன்ன அதே சொல்லை இப்போது நடவுக்காரம்மாள் மீது திருப்பியிருக்கிறோம். அந்த அம்மாளால் இன்று கூலியைக் கேட்டு வாங்க முடிகிறது, வேண்டாம் என்றும் சொல்ல முடிகிறது. அவர் செய்யும் புதுக்காரியம் அது ஒன்றுதான்.

இதற்கிடையே மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்குழுவாக ஆட்கள் வந்து நம் வயல்களில் நடவு செய்கிறார்கள். "வடக்கத்திப் பையன்கள் தலைநிமிராமல் வேலை பார்க்கிறார்கள்" என்று மெச்சுகிறோம். பினாங்குக் கரையில் துரைமார்கள் நம் தாத்தாக்களை மெச்சிய அதே வார்த்தைகள். ஊர் விட்டு வந்து, பாஷை தெரியாமல், மோட்டார் கொட்டகையில் படுத்து எழுந்திருக்கும் பிள்ளைகளின் நிலைமையை அவர்களுடைய குணம் என்று எழுதிவிடாமல் இருப்போம். அவர்கள் ஊருக்குப் போய்க் கேட்டால் அங்கேயும் யாராவது அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லக்கூடும்.

நிலைமையைக் குணம் என்று சொல்வது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். ஐரோப்பாவில் குரோஷியா என்றொரு சிறிய நாடு, கால்பந்து பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே கடலோர டால்மேஷியாக்காரர்கள் காபிக்கடையில் பொழுதைப் போக்குபவர்கள் என்றும், நாட்டின் தானியக் களஞ்சியமான ஸ்லவோனியா சமவெளிக்காரர்கள் சாப்பாட்டுப் பிரியர்கள் என்றும் அவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. கேட்டால் உங்களுக்கு நம் தஞ்சாவூர் ஞாபகம் வரும். யூகோஸ்லாவியாவோடு சேர்ந்திருந்த காலத்தில், 1968-ல் மேற்கு ஜெர்மனியோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து ஏராளமானோர் ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குப் போய் உழைத்தார்கள். 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் இளைஞர்கள் மறுபடியும் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் கிளம்பினார்கள். அவர்கள் விட்டுப்போன வேலைகளுக்கு நேபாளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இன்று ஆட்கள் போகிறார்கள்.

அப்படியானால் மண்ணுக்கென்று ஒரு குணமே கிடையாதா என்று வாசகி கேட்பார். உண்டு என்றுதான் நினைக்கிறேன். 2014-ல் தாமஸ் டால்ஹெல்ம் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் சீனாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு, நெல் விளையும் பகுதிக்காரர்கள் ஒருவரையொருவர் சார்ந்து சிந்திக்கிறார்கள் என்றும் கோதுமைப் பகுதிக்காரர்கள் தனித்தனியாகச் சிந்திக்கிறார்கள் என்றும் சொன்னது. நெல்லுக்கு வேலை ஏறக்குறைய இரண்டு மடங்கு, தண்ணீரைப் பக்கத்து வயல்காரனோடு பேசித்தான் பாய்ச்ச வேண்டும் என்பது அவர்கள் காட்டிய காரணம். மேலமடைக்காரன் மனது வைக்காமல் கீழமடைக்காரன் பயிர் பிழைக்காது என்பதைத் தெரிந்துகொள்ள நமக்குச் சீனா வரை போக வேண்டியதில்லை. தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுவது, குடிமராமத்துக்கு வீட்டுக்கொரு ஆள் அனுப்புவது எல்லாம் தலைமுறை தலைமுறையாக இங்கே நடந்தவை. ஆனால் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று சொன்னதோடு நிறுத்திவிட்டால் கீழ்வெண்மணி கண்ணில் படாது. வாய்க்கால் தூர்வார முதலில் இறங்கியவர்கள் யார், முதல் தண்ணீர் யாருக்குப் பாய்ந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

எனக்குப் பிடித்த தஞ்சாவூர்க் குணம் ஒன்று உண்டு. வந்தவர்களை இந்த மண் தன்னவர்களாக்கிக் கொண்டது. மராட்டிய மன்னர்கள் ஆண்ட காலத்தில் திருவையாற்றில் இருந்துகொண்டு தெலுங்கில் பாடினார் தியாகராஜர். மராட்டிய மன்னர் பிரதாப சிங் நாகூர் தர்காவுக்குப் பெரிய மினாரா கட்டினார். சௌராஷ்டிரர்கள் கும்பகோணத்தில் பட்டு நெய்தார்கள். 1920-களில் தியாகராஜர் சமாதியைத் தன் நகையையும் பணத்தையும் போட்டு எடுத்துக்கட்டியவர், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அவரையும் பெண் என்பதற்காக அங்கே பாடவிடாமல் முதலில் தடுத்தவர்கள் உண்டு. அவர் விடவில்லை. இன்று ஆராதனையில் பெண்கள் உட்கார்ந்து பாடுகிறார்களே, அது அந்த அம்மாள் வாங்கித் தந்தது. இந்த மண் தாராளமானது என்று சொல்லும்போதெல்லாம், அதைத் தாராளமாக்கப் பாடுபட்டவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வாசகி அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். மார்கழி, தையில் சம்பா அறுப்பு நடக்கும்போது ஒரு விடியற்காலை ஒரத்தநாடு பக்கமோ திருத்துறைப்பூண்டி பக்கமோ போய்ப் பாருங்கள். பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் ஊர்க்கிணறுகளைப் பற்றியும் எழுதுங்கள். எங்கள் வாசகர்களுக்கு அது தெரிய வேண்டும்.

மற்ற வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிய உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன கடிதம், கப்பல் டிக்கெட், தோட்டத்துக் கூலிச் சீட்டு, பண்ணையில் நெல் அளந்த கணக்கு நோட்டு என்று ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா பாருங்கள். நடவு நட்ட அம்மாக்களுக்கு அந்தந்த வருஷம் எவ்வளவு கூலி என்று நினைவிருந்தால் கேட்டு எழுதி வையுங்கள். அவற்றைப் பொங்கல் இதழில் ஒரு தனிப்பகுதியாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறோம். போட்டோ எடுத்தோ நகல் எடுத்தோ அனுப்பினால் போதும். அசலைத் தபாலில் அனுப்ப வேண்டாம், கரையான் அரிக்காத இடத்தில் வீட்டிலேயே வைத்திருங்கள். கார்த்திகை முடிவதற்குள் எங்களுக்கு வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்