சேமஅச்சும் செம்மண் சாகசமும்

சங்க இலக்கியம் கற்பிக்கும் எவரும் 'சேமஅச்சு' என்னும் சொல்லைக் கடக்காமல் இருந்திருக்க முடியாது. அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய புறநானூற்று 102ஆம் பாட்டில் அது வருகிறது. உப்பேற்றிச் செல்லும் உமணர், வழி எப்படியிருக்குமோ என்ற எண்ணத்தில், வண்டிக்கு அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். 'தமிழனின் முதல் ஸ்டெப்னி இதுதான்' என்று வகுப்பில் சொல்லி மாணவரைச் சிரிக்க வைப்பது எங்கள் வழக்கம். அந்த மாற்று அச்சைக் கட்டிய உமணன் தன் வண்டியின் வலிமையைப் பறைசாற்றவில்லை. வழி தன்னைவிடப் பெரியது என்பதை ஒப்புக்கொண்டான், அவ்வளவே.

அந்த ஒப்புதல் இன்று எங்கே போயிற்று என்று கேட்கவே இக்கட்டுரை. பழைய நான்குசக்கர இயக்க வண்டிகளைத் தூசி தட்டி எடுத்து, 'மீட்டெடுத்தோம்' என்று பெருமை பேசி, புதுக்கோட்டைச் சீமையின் பாறைகளிலும் பொட்டல்களிலும் 'சாகசப் பயணம்' செய்யும் கூட்டம் பெருகி வருகிறது. எங்களிடமும் அத்தகைய வண்டி ஒன்று உண்டு. ஆகவே இது வெளியே நின்று எறியும் கல் அன்று. வீட்டுக்குள் நடக்கும் சண்டை.

முதலில் எங்கள் வண்டியைப் பற்றி. நாங்கள் நண்பர்கள் ஐவர். ஊதியத்தில் மிச்சம் பிடித்து, 1980களின் பிற்பகுதியில் பிறந்த மகிந்திரா எம்.எம். 540 ஒன்றை வாங்கினோம். ஏதோ ஓர் அலுவலகம் உழைத்துத் தீர்த்து ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி. 2112 கன செ.மீ. கொள்ளளவுள்ள பிஜோ வழி டீசல் எந்திரம். முன்னும் பின்னும் பட்டை வில். கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் மேலும் இரண்டு தண்டுகள். ஒன்று முன்சக்கரங்களையும் இயக்கத்தில் சேர்ப்பதற்கு, மற்றொன்று தாழ்கதிக்கு.

அவ்வண்டியின் மூதாதை இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப். 1945இல் லூதியானாவில் மகிந்திரா சகோதரரும் மாலிக் குலாம் முகம்மதுவும் தொடங்கிய 'மகிந்திரா அண்டு முகம்மது' நிறுவனம், பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948இல் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' ஆயிற்று. ஒரு தேசம் இரண்டானபோது ஒரு நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் மாறியது. அதன் பட்டறையில் பொருத்தப்பட்ட ஜீப்தான் அடுத்த ஐம்பதாண்டுகள் நம் ஊர்களுக்கு அரசாங்கத்தின் முகமாக இருந்தது. அம்மை குத்த வந்ததும் அதில்தான், வரிபாக்கிக்கு ஜப்தி செய்ய வந்ததும் அதில்தான். எங்கள் தலைமுறையின் கிராமத்துச் சிறுவர்களுக்கு ஜீப்பின் ஓசை ஒரே சமயத்தில் வியப்பும் அச்சமும் ஆகும்.

இத்தகைய வண்டியை மீட்பது என்றால் என்ன? இங்குதான் எங்கள் முதல் சண்டை தொடங்குகிறது.

இன்றைய மீட்பர்களின் முறை இது: எந்திரத்தைக் கழற்றி எறிந்து அதைவிடப் பெரிதொன்றை ஏற்றுவது, உடலை இரண்டங்குலமோ நான்கங்குலமோ தூக்குவது, யானைக்கால் வீக்கம் கண்டதுபோல் டயர்களை மாட்டுவது, தகரத்தை வெட்டிவிட்டுப் புதிய உடல் கட்டுவது, முகப்பில் எட்டு விளக்குகள். மிஞ்சுவது சட்டகத்தில் பொறித்த எண் மட்டுமே. இதற்குப் பெயர் மீட்பாம்! சீவகசிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே.சா., சிதைந்த ஏட்டில் சொல் கிடைக்காத இடத்தில் தம் சொந்தச் சொல்லை எழுதி நிரப்பியிருந்தால் அவரைப் பதிப்பாசிரியர் என்போமா? பாடபேதங்களைக் குறித்தார்; விடுபட்டதை விடுபட்டதாகவே காட்டினார். பழைய வண்டியும் ஓர் ஏடுதான். பொருந்தாத திருத்தம் செய்தவனைப் பாட்டு மன்னித்தாலும் மன்னிக்கும், அச்சு மன்னிக்காது.

ஏன் என்று பட்டறை மொழியிலேயே சொல்கிறோம். டயர் பெரிதானால், அதைச் சுழற்ற அரையச்சுகள் கூடுதல் முறுக்கைத் தாங்க வேண்டும். சிறிய டயருக்கென வகுத்த பல்விகிதம் பொருந்தாமற் போகும். அதே பிரேக் டிரம் பெரிய சக்கரத்தை நிறுத்தத் திணறும். உடலை உயர்த்தினால் இணைப்புத் தண்டின் கோணம் கூடும். அதன் கிராஸ்கள் விரைவில் தேயும். வண்டியின் எடைமையமும் மேலேறி, சரிவில் கவிழும் வாய்ப்பு மிகும். ஓரிடத்தில் செய்த 'திருத்தம்' ஒன்பது இடங்களில் பிழையாக முளைக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று தீர்ப்பளித்ததும் நினைவில் இருக்கட்டும்.

எங்கள் வண்டிக்கு நாங்கள் செய்தது அலுப்பூட்டும் வேலை. பிஸ்டன் வளையங்கள், ஹெட் கேஸ்கெட், ஊசிப்பம்பைச் சீர்செய்தல், வில்பட்டைகளின் ஷேக்கிள் புஷ்கள், முன்னச்சின் கிங்பின் தாங்கிகள். கிடைக்காத புஷ் ஒன்றை லேத்தில் கடைந்தோம். கழற்றிய ஒவ்வொரு பொருளையும் கோணிப்பையில் இட்டு வைத்தோம்; எது எப்போது மாறியது என்று நோட்டில் எழுதினோம். எங்கள் மேஸ்திரி முதலில் எரிச்சல்பட்டார். "என்ன வாத்தியாரய்யா, பழைய புஷ்ஷுக்கும் பரீட்சை பேப்பர் திருத்துற மாதிரி எழுதிக்கிட்டிருக்கீங்க?" என்றார். ஓராண்டு கழித்து முன்னச்சில் ஓசை கேட்டபோது அந்த நோட்டைத்தான் முதலில் கேட்டு வாங்கினார்.

நார்த்தாமலை மேலமலையில் நிற்கும் விசயாலய சோழீசுவரத்தைக் காணும்போதெல்லாம் அந்த நோட்டு நினைவுக்கு வருகிறது. அங்குள்ள கல்வெட்டு, சாத்தன்பூதி என்னும் இளங்கோவதியரையர் அக்கற்றளியை எடுப்பித்ததையும், அது மழையால் அழிந்ததையும், மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததையும் கூறுகிறது. புதுப்பித்தவர் முதலில் கட்டியவரின் பெயரை அழிக்கவில்லை. என்ன சேதம், எதனால் என்பதையும் மறைக்கவில்லை. ஆயிரத்து நூறாண்டுக்கு முன் இந்த மண்ணில் மீட்புக்கு இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது. மணல்வீச்சால் கல்வெட்டுகளைத் தேய்த்துவிட்டுத் 'திருப்பணி' என்பாரும், தகரத்தை வெட்டிவிட்டு 'மீட்பு' என்பாரும் ஒரே பள்ளியின் மாணவர்கள்.

இரண்டாம் சண்டை அரசாங்கத்தோடு. அது சிறிது; ஆனால் சொல்லாமல் விடலாகாது. 2021 ஆகஸ்டில் வாகனக் கழிவுக் கொள்கை தொடங்கப்பட்டது. 15 ஆண்டு கடந்த காரின் மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த இலகுரக வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. மறுபுறம், 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகள் 50 ஆண்டு நிறைந்தவற்றுக்கே மதிப்பளிக்கின்றன. அவற்றையும் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு அன்றி வழக்கமாகச் சாலையில் ஓட்டக்கூடாது. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையிலுள்ள முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வண்டி என்னவாக இருக்க வேண்டும்? முதியோர் இல்லத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் நடுவே வாழ்க்கை என்று ஒன்று கிடையாதா? புகை கக்கும் வண்டி ஓடக்கூடாது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தில்லை. சோதித்துப் பாருங்கள், தேறாததை நிறுத்துங்கள். வயதை மட்டும் வைத்துத் தண்டம் விதிப்பது, பராமரித்தவனையும் பாழடித்தவனையும் ஒரே தட்டில் நிறுத்துவதாகும்.

மூன்றாம் சண்டைதான் பெரியது. அது நிலத்தைப் பற்றியது.

புதுக்கோட்டை மாவட்டம் 1974 சனவரி 14இல் பிறந்த இளைய மாவட்டம். ஆனால் அதன் மண்ணுக்கு வயது மிகுதி. சித்தன்னவாசல், அன்னவாசல் வட்டாரங்களின் செம்புரைப் பொட்டல்களில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பரந்து கிடக்கின்றன: கல்வட்டங்கள், கற்பதுக்கைகள், முதுமக்கள் தாழிகள். முட்புதரும் ஓடைப்பள்ளமுமாகத் தோன்றும் இந்நிலம், சாகசக்காரர் கண்ணுக்கு 'யாருமில்லாத காடு'. யாருமில்லை என்று யார் சொன்னது? முழங்கால் உயரக் கற்கள் வட்டமாக நிற்பது தற்செயல் என்று எண்ணினீர்களா?

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய பொட்டல் ஒன்றுக்கு மாணவரை அழைத்துச் சென்றோம். இடத்தையும், அங்கு எங்களுக்கு முன் வந்து போனவர் யார் என்பதையும் இங்கே எழுதப்போவதில்லை. கல்வட்டத்தின் ஒருபக்கக் கற்கள் புரண்டு கிடந்தன. நடுவே ஆழமான சக்கரத் தடம். அத்தடத்தின் ஓரத்தில் கருப்பு சிவப்புப் பானையோடுகள், புதிதாக உடைந்த விளிம்போடு. ஈராயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் தாங்கியவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தாங்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எங்களையும் அதே கூட்டம் என்று எண்ணிக்கொண்டார். "ஏஞ் சாமிகளா, வண்டிய ரோட்டுலயே விட்டுட்டு நடந்து வரக் கூடாதா? செத்தவுக தலமேலயா ஏத்துவீக?" என்றார். நாங்கள் செய்யவில்லை என்று சொல்ல வாயெடுத்தோம். எங்கள் ஜீப்பும் சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

புறநானூற்று 256ஆம் பாட்டில், கணவனை இழந்த பெண் குயவனிடம் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாகச் செய்யச் சொல்கிறாள். அவனோடு தான் கடந்துவந்த வழிகளைச் சொல்ல அவளுக்கு உவமையாவது வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு பல்லி. சக்கரமும் தாழியும் ஒரே பாட்டில் அருகருகே இருக்கின்றன. அந்தத் தாழியின்மேல் சக்கரம் ஏற்றுபவர்களுக்கு வகுப்பில் எதைச் சொல்லிக் கொடுத்தோம் என்று எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர்களில் சிலர் எங்கள் மாணவர்களாகவும் இருக்கக்கூடும்.

கண்மாய்களின் கதையும் இதுவே. கோடையில் வறண்ட கண்மாய் உள்வாய் இவர்களுக்குப் பந்தயத்திடல். கரை, ஏறிக் காட்ட வேண்டிய மேடு. மண்கரையில் சக்கரம் கீறிய பள்ளம், அடுத்த மழையில் நீர் அரிக்கும் வழியாகும். ஆறுகள் மெலிந்த இம்மாவட்டத்தில் கண்மாய்க்கரை உடைந்தால் அது சாகசமன்று, ஓராண்டுச் சோறு.

வண்டியை அறிந்தவர் இப்படி ஓட்டவும் மாட்டார். இவ்வகை ஜீப்பில் முன்னச்சும் பின்னச்சும் இயக்கத்தில் இணையும்போது இரண்டுக்கும் நடுவே வேகவேறுபாட்டை ஏற்கும் பல்லமைப்பு கிடையாது. ஆகவே தார்ச்சாலையில் நான்கு சக்கரத்தையும் பூட்டித் திருப்பினால் அச்சும் பற்களும் முறுக்கேறித் துன்புறும்; இளகிய மண்ணில் மட்டுமே அதைப் பயன்படுத்தவேண்டும். தாழ்கதியோ ஆமைநடைக்கு உரியது: முடுக்கியை மிதிக்காமலே, சக்கரம் வழுக்காமல், மண்ணைப் பறிக்காமல் ஊர்ந்து செல்வதற்காக. புழுதி பறக்கச் சக்கரம் சுழன்றால் ஓட்டுநர் தோற்றுவிட்டார் என்று பொருள். அந்தத் தோல்வியைத்தான் படம் பிடித்துப் பரப்புகிறார்கள்!

'அப்படியானால் உங்கள் ஜீப் எதற்கு?' என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வீசியபோது ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து வழியெல்லாம் அடைபட்டுக் கிடந்தன. மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லாததால் தண்ணீர் இல்லை. சில நாட்கள் எங்கள் வண்டி தாழ்கதியில் மரத்துண்டுகளை இழுத்தது. குடிநீர்க் கேன்களைச் சுமந்தது. அதைச் சாகசம் என்று எவரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பின்சக்கர டிரம்மில் சேறு புகுந்ததைத் துடைத்துச் சரிசெய்ய இரண்டு வாரம் ஆயிற்று. மற்ற நாட்களில் அது ஊர்ச்சாலையின் எல்லைவரை எங்களை அழைத்துச் செல்லும். அதன்பின் நடை.

பயணம் என்ற சொல்லுக்கு இம்மாவட்டத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டனர். கல் உடைத்தவரும் களை எடுத்தவரும் முதன்முறையாகத் தம் விருப்பப்படி அடுத்த ஊர்வரை போய்வந்தனர். ஏச்சுப் பேச்சுகளைத் தாண்டித்தான் மிதித்தனர். புதுக்கோட்டை கண்ட பெரிய சாகசப் பயணம் அதுதான். அதற்கு எத்தனை குதிரைத்திறன் தேவைப்பட்டது?

ஆகவே பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறோம். மூல அமைப்பைக் குலைக்காமல் பழுதுபாருங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். தடமில்லாத இடத்தில் புதிய தடம் போடாதீர்கள். கல்வட்டம் கண்டால் வண்டியை அணைத்துவிட்டு இறங்குங்கள். எதையும் எடுக்காமல் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கண்மாய்க்கரையில் ஏறாதீர்கள். இதற்கு உடன்பட முடியாதவர்கள் தம் வண்டியை விற்றுவிடலாம்; பேரீச்சம்பழமாவது கிடைக்கும்.

அந்தப் பொட்டலில் புரண்டு கிடந்த கற்களை நாங்கள் நிமிர்த்தி வைக்கவில்லை. அது எங்கள் வேலையன்று. எந்தக் கல் எங்கே நின்றது என்பது எங்களுக்குத் தெரியாது. குறித்துக்கொண்டு திரும்பினோம். அக்குறிப்பும் வண்டியின் அதே நோட்டில்தான் இருக்கிறது, மாற்றிய புஷ்களின் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில்.