நீதிபதிக்கு வாக்குச் சீட்டா?

நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்துகொள்கிறார்கள் என்னும் குறை நாட்டில் வலுத்து வருகிறது. நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் செல்லாதென உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபர் 16 அன்று தீர்த்தது முதல், நீதிபதிகளைத் தேர்ந்து பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தின் மூடிய கதவைச் சுட்டி, நீதிபதிக்கும் தேர்தல் நடத்தினால் என்ன என்று கேட்போரும் உளர். வடசென்னை மணலியில் நின்று பார்ப்போருக்கு அக்கேள்வி அச்சம் தருவது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் படகில் குனிந்து வெறுங்கையாலும் குவளையாலும் அந்தக் கரும்பசையை அள்ளி வாளிகளில் நிரப்பினர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்து, அப்பகுதியின் பொதுத்துறை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை விடைகூற வைத்தது. அவ்வமர்வில் இருந்தோர் எவரும் இத்தெருக்களில் வாக்குக் கேட்டு வந்தவரல்லர். வந்திருந்தால், அவர்தம் தேர்தல் செலவை ஏற்றவர் யார் என்ற ஐயம் தீர்ப்புக்கு முன்னரே மன்றத்தில் வந்து அமர்ந்திருக்கும்.

துறைமுகமும் எண்ணெய் ஆலைகளுமாக நம் வட்டாரத்தை ஒத்தது அமெரிக்காவின் ஹாரிஸ் கவுண்டி. ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய அங்கே 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் 47 லட்சம். நீதிபதிகள் கட்சி வேட்பாளராகவே தேர்தலில் நிற்கின்றனர். 2018 தேர்தலில் ஒரு கட்சி அலையாய் எழ, எதிர்க்கட்சி நீதிபதிகள் தகுதி வேறுபாடின்றி ஒருசேர வீழ்ந்தனர்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. சிறு குற்றங்களுக்குப் பிணைத்தொகை கட்ட வழியற்ற ஏழைகளைச் சிறையில் வைத்திருந்த அவ்வூர் நடைமுறை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2017இல் கூறியவர், தேர்தல் காணாத, வாழ்நாள் பதவியுடைய கூட்டரசு நீதிபதி லீ ரோசந்தால். தேர்தலில் வென்று அமர்ந்த நீதிபதிகளுள் பெரும்பாலோர் அத்தீர்ப்பை எதிர்த்தனர். மக்கள் அவர்களை 2018இல் அகற்றினர். 2019இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. வாக்கு துணைசெய்தது மெய். ஆயினும் ஏழையின் உரிமையை முதலில் கண்டது வாக்குக்குக் கட்டுப்படாத பதவியே.

நகரை ஆள்வோரே நீதிபதிகளாகவும் அமர்ந்த காலம் சென்னைக்கும் உண்டு. 1688இல் தொடங்கிய மாநகராட்சியில் மேயரும் ஆல்டர்மன்களுமே நீதிமன்றமாய் அமர்ந்தனர். அவர்களுள் வணிகர் பலர். 1798இல் சட்டம் பயின்ற ரெக்கார்டரைக் கொண்ட நீதிமன்றம் அதன் இடத்தைப் பெற்றது.

இருப்பதே போதும் என்போருக்கு நாம் துணை நிற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சொத்து விவரங்கள் 2025 மே மாதம் வெளியாயின. அந்த ஒழுங்கு கீழமை நீதிமன்றங்கள் வரை இறங்க வேண்டும். ஒருவரை நியமித்ததற்கும் மற்றவரை விலக்கியதற்குமான காரணங்கள் எழுத்தில் வர வேண்டும். காலியிடங்களைக் குறித்த காலத்தில் நிரப்புதல் அரசுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் உரிய கடமை.

எல்லாவற்றினும் மேலாக, மன்றம் அருகில் வேண்டும். கன்டெய்னர் லாரி மோதிக் கணவனை இழந்த பெண், இழப்பீட்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டு உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் பேருந்தேறுகிறாள்; வாய்தா வாங்கித் திரும்புகிறாள். மாநகராட்சியோடு 2011இல் இணைந்த மணலிக்கும், திருவொற்றியூர், எண்ணூருக்குமாக, விபத்து இழப்பீட்டையும் தொழிலாளர் வழக்குகளையும் இவ்வட்டாரத்திலேயே கேட்கும் முழுநேர அமர்வுகள் தேவை. எத்தனை வழக்குகள் தள்ளிவைக்கப்பட்டன, ஏன் என்னும் விவரம் மாதந்தோறும் தமிழில் அந்த மன்றங்களின் வாயிலில் ஒட்டப்படட்டும்.